பிடுங்கப் பிடுங்க வரும் உண்ணி

திருநெல்வேலி மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் நான்கு வயது லாப்ரடார் கலப்பு ஆண் நாய், எடை 24 கிலோ இருக்கலாம் என்கிறார். ஒரு பூனையும் உண்டு. ஐந்து வயதில் ஒரு மகள். சித்திரை பிறந்ததிலிருந்து தினமும் 20, 30 என்று உண்ணி பிடுங்குகிறார், வெறும் கையால். பிடுங்கியதை வாசற்படியில் போட்டுச் செருப்பால் நசுக்குவது வழக்கம். கணவர் மண்ணெண்ணெய் தொட்டு வைத்துப் பார்த்தார். மாமியார் வேப்பெண்ணெயில் அந்துருண்டையைப் பொடித்துப் போட்டுத் தடவச் சொல்கிறார். பத்து நாளுக்கு முன், மாட்டுக்கு வாங்கும் உண்ணி மருந்தில் ஒரு மூடி எடுத்து அரை வாளித் தண்ணீரில் ஊற்றி நாயைக் குளிப்பாட்டினார்கள். மூன்று நாள் குறைந்தது, பிறகு பழையபடி. இப்போது சுவரிலும் கட்டில் காலிலும் சுவிட்ச் போர்டு ஓரத்திலும் ஊர்கிறது. காதருகே ஒன்றைப் பிடுங்கியபோது தலை உள்ளேயே நின்றுவிட்டது, அந்த இடம் பட்டாணி அளவு தடித்திருக்கிறது. பக்கத்து வீட்டு மாட்டுத் தொழுவத்திலிருந்துதான் எல்லாம் வருகிறது என்பது கணவரின் கட்சி. மகளுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்துவிடுமோ என்பது இவருடைய பயம். நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றும் வீட்டில் பேச்சு நடக்கிறது. கடைசியாக ஒரு வரி: "நாலைந்து நாளாக நாய் சரியாகச் சாப்பிடவில்லை, வெயிலால் இருக்கும். அரை பாரசிட்டமால் கொடுக்கலாமா?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைசி வரியிலிருந்துதான் படிக்க வேண்டியிருக்கிறது. உண்ணி ஒரு வாரம் காத்திருக்கும். நான்கைந்து நாளாகச் சாப்பிடாத நாய் காத்திருக்காது. இதைப் படித்த கையோடு நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் கொஞ்சம் ஆறுதல். வெளிறியோ மஞ்சள் பாய்ந்தோ இருந்தால் இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். சிவப்பாகவே இருந்தாலும் நாளைக் காலையைத் தாண்ட விடாதீர்கள்.

முதலில் நாய், பிறகு உண்ணி

மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல், ஈரமாக இருந்தால் நலம் என்பது நம்பக்கூடிய கணக்கு அல்ல. வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால் நுனியில் தேங்காயெண்ணெய் தடவி, ஆசனவாயில் ஓர் அங்குலம் செலுத்திப் பாருங்கள் (அதை நாய்க்கென்றே ஒதுக்கிவிடுங்கள்). நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. நமக்குக் காய்ச்சலாகத் தெரிகிற சூடு அதற்குச் சாதாரணம். 103-ஐத் தாண்டினால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளலாம். மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் செம்புள்ளிகள், காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் சிறுநீர், தாடைக்குக் கீழே நெறி கட்டுதல், இதில் எது இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் வீட்டு நாய்களில் காணும் உண்ணி பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. அது கடிக்கும்போது இரண்டு முக்கியமான நோய்களை ஏற்றிவிடக்கூடும். ஒன்று எர்லிக்கியா. இது வெள்ளணுக்களுக்குள் புகுந்து, ரத்தத் தட்டணுக்களைச் சரிய வைக்கும் கிருமி. மற்றது பேபிசியா. இது சிவப்பணுக்களுக்குள் புகுந்து உடைக்கும் ஒட்டுண்ணி. எர்லிக்கியா உள்ளே போய் ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சலும் சோர்வும் தொடங்கும். ஒரு மாதத்துக்கு மேலாக உண்ணி கடித்துக்கொண்டிருக்கும் உங்கள் நாய்க்கு அந்தக் கெடு எப்போதோ கடந்துவிட்டது.

மாட்டு மருந்தால் வந்த மந்தமாக இருக்குமோ என்றும் பார்த்தேன். அதில் அமிட்ராஸ் என்ற உண்ணிக்கொல்லி இருந்து அளவு கூடியிருந்தால், குளிப்பாட்டிய அன்றே தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் வந்து, பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளிந்திருக்கும். உங்கள் நாய்க்குச் சாப்பாடு குறைந்தது அதற்கு ஐந்தாறு நாள் கழித்து. அதனால் என் சந்தேகம் உண்ணி நோயின் மேல்தான். ஆனாலும் அந்த மருந்து பாட்டிலைக் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் ரத்தப் பூச்சுப் பரிசோதனையும் (கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) கட்டாயம் கேளுங்கள். பேபிசியாவைத் தேடும்போது காது மடலின் நுனியில் குத்தி எடுக்கும் சொட்டு ரத்தத்தில் அது கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். உள்ளூர் அரசு கால்நடை மருந்தகத்தில் இந்த வசதி இல்லாவிட்டால், ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

எர்லிக்கியா என்று தெரிந்தால் டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள் வரும். மூன்றாம் நாளே நாய் துள்ளும், பாதியில் நிறுத்தத் தோன்றும், நிறுத்தக் கூடாது. மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுங்கள். வெறும் வயிற்றில் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். அந்த வேளைக்குப் பால்சோறும் தயிர்சோறும் வேண்டாம், கால்சியம் மருந்தை உடம்பில் ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும். மருந்துக்கடையில் நீங்களே டாக்சிசைக்ளின் வாங்கிக் கொடுத்துப் பார்ப்பதும் சரியில்லை. பேபிசியாவாக இருந்தால் அது மட்டும் போதாது, ரத்தம் உடைந்துகொண்டே போகும்.

பாரசிட்டமால் வேண்டாம். மருத்துவர் எடைக்குக் கணக்குப் போட்டுச் சொன்னால் ஒழிய நாய்க்கு அது தோதில்லை. ஈரலுக்குக் கெடுதல். பூனைக்கோ அரை மாத்திரையே எமன். வலி மாத்திரையான இப்யூபுரோஃபென் பக்கமே போகாதீர்கள். தட்டணு குறைந்திருக்கும் நாய்க்கு அது வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கும்.

பிடுங்குகிற முறை

தினம் முப்பது உண்ணியை வெறும் கையால் எடுக்கிறீர்கள். பொறுமையைப் பாராட்டலாம், முறையைப் பாராட்ட முடியாது. விரலால் பிடிக்கும்போது உண்ணியின் வயிறு பிதுங்கும். பிதுங்கினால் அதன் உமிழ்நீரும் குடல்நீரும் நாயின் தோலுக்குள் போகலாம், வெளியே சிந்துவது உங்கள் நகக்கண் வெடிப்பில் படலாம்.

மெல்லிய கையுறை போடுங்கள். புருவம் எடுக்கும் பிளக்கரில் தட்டை முனையை விட்டுக் கூர்முனை உள்ளதாக வாங்கிக்கொள்ளுங்கள். அகல வாய்ப் பாட்டில் ஒன்றில் கால்வாசி சர்ஜிகல் ஸ்பிரிட் ஊற்றி மூடியோடு பக்கத்தில் வையுங்கள், அடுப்பும் விளக்கும் எட்ட இருக்கட்டும். நல்ல வெளிச்சத்தில் நாயைப் படுக்க வைத்து, முடியை உண்ணிக்கு இரு பக்கமும் வகிடு எடுத்துத் தோல் தெரியச் செய்யுங்கள். பிளக்கரின் முனை உண்ணியின் வயிற்றை அல்ல, அதன் வாய் தோலில் இறங்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். பிளக்கர் தோலை உரசிக்கொண்டு கிடந்தால் பிடி சரி. பிறகு வெடுக்கென்று இழுக்காமல், முறுக்காமல், நேர் மேலே ஒரே சீராக இழுங்கள். தோல் சின்னக் கூடாரம் போல் எழும்பும். அந்த இழுவையிலேயே மூன்று நான்கு விநாடி நிறுத்துங்கள். உண்ணியின் பிடி தானாக விடும். எடுத்ததைத் திருப்பிப் பார்த்தால் வாய் நுனியில் வெள்ளையாக ஒரு துணுக்குத் தோல் ஒட்டியிருக்கும். முழுசாக வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். செல்லப் பிராணிக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் உண்ணிக் கொக்கி கிடைத்தால் இன்னும் சுலபம், அதை மட்டும் தோலோடு ஒட்டிச் செருகிச் சுழற்றித் தூக்க வேண்டும்.

எடுத்ததை ஸ்பிரிட்டில் போட்டு மூடுங்கள். கழிப்பறையில் ஊற்றினால் சாகாது, தண்ணீரில் வெகுநேரம் தாங்கும். நசுக்கினால் முட்டை சிதறிக் குஞ்சு பொரிக்கும் என்று சிலர் சொல்வது சரியில்லை. உங்கள் வாசற்படியில் பிரச்சினை முட்டை அல்ல, கிருமியுள்ள ரத்தம். அங்கே உங்கள் மகள் வெறுங்காலோடு நடக்கிறாள்.

தலை உள்ளே நின்றுவிட்டதாக எழுதிய இடத்தைத் தோண்டாதீர்கள். உள்ளே இருப்பது தலை அல்ல, வாயின் ஒரு துணுக்கு. சின்ன மரச்சிலாம்பு ஏறியது போலத்தான், தோல் அதைத் தானே வெளியே தள்ளிவிடும். முழுசாக வந்த உண்ணியின் கடிவாயிலும் இப்படி ஒரு தடிப்பு ஒன்றிரண்டு வாரம் இருக்கும். போவிடோன் அயோடினைத் தேநீர் நிறத்துக்குத் தண்ணீர் கலந்து ஒற்றி எடுங்கள், போதும். சீழ் வைத்தாலோ தடிப்பு வளர்ந்தாலோ காட்டிக்கொள்ளலாம்.

காது மடலின் உட்பக்கம், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், தொடை இடுக்கு, விரல் இடுக்கு, கண்ணிமை ஓரம், வாலடி, இந்த இடங்களைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விரல் இடுக்கை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். ஆமணக்கு முத்து போலச் சாம்பல் நிறத்தில் உப்பியிருப்பது ரத்தம் குடித்த பெண் உண்ணி. (லத்தீனில் ஆமணக்குக்கு உண்ணி என்றுதான் பெயர். யாருக்குத் தோன்றினாலும் அப்படித்தான் தோன்றும்போல.) தட்டையாக, காப்பிக்கொட்டை நிறத்தில் அதன் அருகே இருப்பது ஆண். எள் போல, கசகசா போல இருப்பவை குட்டிகள்.

24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் வராது என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது அமெரிக்காவில் வேறோர் உண்ணி பரப்பும் லைம் நோய்க்குச் சொன்ன கணக்கு. நம் நாய் உண்ணி எர்லிக்கியாவைச் சில மணி நேரத்திலேயே ஏற்றிவிடும். அதனால்தான், எவ்வளவு சிரத்தையாகப் பிடுங்கினாலும் பிடுங்குவது மட்டும் பாதுகாப்பு ஆகாது. கடிக்க வருகிறவை குறைய வேண்டும்.

மண்ணெண்ணெய், அந்துருண்டை, மாட்டு மருந்து

மண்ணெண்ணெய், ஊதுபத்திச் சூடு, வாசலின், நகப்பாலீஷ் எதுவானாலும் உண்ணி உடனே விடுவதில்லை. அது திணறி, குடித்ததைத் தோலுக்குள் கக்குகிற அபாயம்தான் மிச்சம். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், நாய் நக்கி அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. வேப்பெண்ணெய் மட்டும் தடவினால் பெரிய கெடுதல் இல்லை. கொஞ்சம் விரட்டும், ஆனால் இந்த அளவுப் படையை அதனால் அடக்க முடியாது. அதில் அந்துருண்டை சேர்ப்பதை மட்டும் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்துங்கள். அந்துருண்டையில் உள்ள நாஃப்தலீன் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது. ஏற்கெனவே ரத்தம் குறைந்திருக்கக்கூடிய நாய், நக்காமலும் இருக்காது.

மாட்டு மருந்து என்று நம் கடைகளில் விற்பதில் இரண்டு வகை அதிகம். அமிட்ராஸ் ஒன்று, டெல்டாமெத்ரின் அல்லது சைபர்மெத்ரின் மற்றொன்று. இவற்றை நாய்க்குப் பயன்படுத்தவே கூடாது என்பதில்லை, மருத்துவர்களே சில நேரம் எழுதித் தருவார்கள். ஆனால் அங்கே மில்லி கணக்கு உண்டு. "ஒரு மூடி, அரை வாளி" என்பதில் மூடியும் தெரியாது, வாளியும் தெரியாது. ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, லிட்டர் குறி போட்ட பாத்திரத்தில் கலந்தால்தான் அது மருந்து. அமிட்ராஸ் சின்னக் குட்டிக்கும் சர்க்கரை நோய் உள்ள நாய்க்கும் ஆகாது. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் வகை பூனைக்கு ஆகவே ஆகாது. அதன் ஈரல் அவற்றைச் சிதைக்கத் தெரியாதது, நடுக்கமும் வலிப்பும் வந்து செத்துப்போகலாம். ஈர நாயோடு பூனை உரசிப் படுத்தாலே போதும். நாய்க்கு முதுகில் விடும் சொட்டு மருந்து வாங்கும்போதும் பெட்டியில் பெர்மெத்ரின் என்று இருந்தால், உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம்.

மூன்று நாள் குறைந்து மறுபடி ஏறியதே, அது மருந்து தோற்றதால் அல்ல. அன்று நாய்மேல் இருந்தவை செத்தன. சுவரில் இருந்தவை அடுத்த வாரம் ஏறின.

நாய்க்கு எந்த மருந்து?

உங்கள் நிலைமையில் நான் முதலில் யோசிப்பது அஃபாக்சோலனர், சரோலனர், ஃப்ளூரலனர் என்ற குடும்பத்து மெல்லும் மாத்திரைகளை. முதல் இரண்டும் மாதம் ஒன்று, ஃப்ளூரலனர் பொதுவாகப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று. பூனைக்கும் குழந்தைக்கும் ஒட்டாது என்பது உங்கள் வீட்டுக்குப் பெரிய வசதி. நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும், இந்தக் குடும்பத்துக்கு அந்த எச்சரிக்கை உண்டு. இப்போது அது சோர்ந்திருப்பதால் என்றைக்குத் தொடங்குவது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.

எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். அஃபாக்சோலனரில் 25 கிலோவோடு ஓர் அளவு முடிந்து அடுத்தது தொடங்குகிறது. 24-ஆ 26-ஆ என்பதில் மாத்திரையே மாறிவிடும். கணவர் நாயைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் நிற்கட்டும், பிறகு தனியாக நிற்கட்டும், கழித்துக்கொள்ளுங்கள். பணம் மிச்சம் என்று பெரிய மாத்திரையைப் பாதியாக வெட்டிக் கொடுப்பதும் வேண்டாம்.

மாத்திரை கொடுத்த மறுநாளும் நாய்மேல் உண்ணி தெரியும். இந்த மருந்து ரத்தத்தில் இருக்கிறது, உண்ணி கடித்தால்தான் சாகும். ஏறியது செத்து விழ ஒன்றிரண்டு நாள் பிடிக்கும், புதிது ஏறிக்கொண்டும் இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று இந்த இடத்தில்தான் பலரும் மேலே இன்னொரு மருந்தை ஊற்றிவிடுகிறார்கள்.

மாத்திரை கட்டுப்படியாகாவிட்டால் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து அடுத்த தேர்வு. குளிப்பாட்டுவது அதற்கு இரண்டு நாள் முன்னும் இரண்டு நாள் பின்னும் கூடாது. முடிமேல் விட்டால் வீண், வகிடு எடுத்துத் தோலில் படும்படி விட வேண்டும். உண்ணி ஷாம்பு அன்றைய தினத்துக்குத்தான், அடுத்த வாரத்துக்கு உதவாது.

சுவர்

எல்லாவற்றையும் விட இதில்தான் உழைப்பு அதிகம், பலனும் அதிகம். நாய் உண்ணி வாழ்நாளில் மூன்று முறை ரத்தம் குடிக்கும்: குட்டியாக, இளம் உண்ணியாக, வளர்ந்த உண்ணியாக. ஒவ்வொரு முறையும் சில நாள் குடித்துவிட்டுக் கீழே விழும், விழுந்தது மேலே ஏறும். மேல் நோக்கிப் போவது அதன் இயல்பு. சுவர் வெடிப்பு, நிலைக்கால் இடுக்கு, சுவிட்ச் போர்டு, மாட்டியிருக்கும் படத்தின் பின்பக்கம், கூரை மூலை என்று ஒளிந்து அங்கேயே தோலுரிக்கும். கடைசி முறை குடித்த பெண் உண்ணி ஆயிரத்துக்கு மேல், சில சமயம் நாலாயிரம் வரை முட்டையிட்டுவிட்டுச் சாகும். நம் வெயிலில் முட்டையிலிருந்து முட்டையிடும் உண்ணியாக வளர இரண்டு மூன்று மாதம் போதும். நாய் கிடைக்காவிட்டால் வளர்ந்த உண்ணி பல மாதம் பட்டினி கிடக்கும். நீங்கள் தினம் பிடுங்கும் முப்பது, வீட்டில் உள்ளதில் சின்னப் பங்குதான்.

பக்கத்து வீட்டு மாட்டைக் குறை சொல்ல வேண்டாம். மாட்டு உண்ணி வேறு இனம். உங்கள் வீட்டில் ஊர்வது நாயை நம்பி வாழ்வது, உங்கள் சுவரிலேயே பிறந்தது.

நாய் படுக்கும் சாக்கைத் தூக்கி எறியுங்கள். படுக்கைத் துணியைக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து வாரம் ஒருமுறை துவையுங்கள். வெயிலில் உலர்த்துவது மட்டும் போதாது, இந்த உண்ணி வறட்சியைத் தாங்குகிற ஜாதி. நாய் படுக்கும் இடத்தைச் சுற்றிச் சுவரில் உள்ள வெடிப்பு, ஆணி ஓட்டை, நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கு எல்லாவற்றையும் வெள்ளை சிமெண்டோ சுவருக்குப் பூசும் பட்டியோ வைத்து அடையுங்கள். மருந்தடிப்பதை விட இது நிலையான பலன் தரும் என்பது என் கருத்து. ஊர்கிற உண்ணியை அகல செலோடேப்பில் ஒற்றி எடுத்து, டேப்பை மடித்து ஒட்டி எறியலாம். சிமெண்ட் தரை மூலைகளில் கொதிநீர் ஊற்றலாம், சுவிட்ச் போர்டு பக்கம் தண்ணீர் கூடாது. தீப்பந்தம் காட்டும் வேலையும் வேண்டாம்.

மருந்தடிப்பு ஆளை வரவழைத்தால், நாய் படுக்கும் இடத்திலும் மாடிப்படியிலும் மட்டும் அடிக்காமல் சுவரில் தரையிலிருந்து கூரை விளிம்பு வரை இடுக்கு இடுக்காக அடிக்கச் சொல்லுங்கள். அவர்கள் பெரும்பாலும் அடிப்பது டெல்டாமெத்ரின் வகை. முழுக்கக் காயும்வரை நாய், குழந்தை யாரும் உள்ளே வேண்டாம். பூனையை அன்று முழுக்க வேறு வீட்டில் விடுங்கள். மீன் தொட்டி இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள், மீனுக்கு அது நஞ்சு. முட்டையை மருந்து பெரும்பாலும் கொல்லாது, பொரிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். எனவே ஒருமுறை அடித்தால் போதாது. இரண்டு வார இடைவெளியில் மூன்று முறையாவது வேண்டும். நாய்க்கான மருந்தை அதற்கப்பாலும் தொடருங்கள். மருந்து ஏறிய நாயைக் கடித்துச் சாகும் ஒவ்வொரு உண்ணியும் முட்டையிடாமல் போகிறது. சுவர் காலியாவது முக்கியமாக அப்படித்தான்.

மகளும், "கொண்டுபோய் விடுவதும்"

நாளிதழ்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது ஸ்க்ரப் டைபஸ். அதைப் பரப்புவது புதர்களில் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத வேறொரு பூச்சியின் குஞ்சு. நாய் உண்ணி அல்ல. அதற்காக முழுக்க அலட்சியமாகவும் இருக்க முடியாது, இந்திய உண்ணி டைபஸ் என்று ஒரு காய்ச்சலை நாய் உண்ணி மனிதருக்குத் தரக்கூடும். மகளைத் தினம் குளிப்பாட்டும்போது தலைமுடி, காதின் பின்பக்கம், அக்குள், இடுப்பு நாடா இருக்கும் இடம் பாருங்கள். காய்ச்சலோடு உடம்பில் தடிப்போ, எங்காவது கறுத்த பொருக்கோ தெரிந்தால், குழந்தை மருத்துவரிடம் "வீட்டில் உண்ணி இருக்கிறது" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அவர் கேட்க மறந்துவிடக்கூடும்.

நாயைக் கொண்டுபோய் விட்டால் உண்ணியும் கூடவே போகும் என்று வீட்டில் நினைக்கிறார்கள். போகாது. சுவரில் இருப்பவை பசியோடு அங்கேயே இருக்கும். நாய் இல்லாத வீட்டில் பசித்த உண்ணி மனிதரைத் தேட ஆரம்பிக்கும், வெயில் கடுமையானால் இன்னும் அதிகமாக. இப்போதைக்கு அந்த நாய்தான் உங்களுக்கும் உண்ணிக்கும் நடுவே நிற்கிறது. தவிர, பசியிலும் தாகத்திலும் துன்பப்படும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி குற்றம். வீட்டில் பேச்சு எழும்போது இரண்டையும் சொல்லுங்கள், முதலாவது அதிகம் எடுபடும் என்று நினைக்கிறேன்.

மகள் எப்போதிலிருந்து நாயோடு பழையபடி விளையாடலாம்? காலண்டரில் தினமும் இரண்டு எண் குறியுங்கள்: நாய்மேல் எத்தனை, சுவரில் எத்தனை. நாய்மேல் உள்ள எண் முதல் வாரத்திலேயே இறங்கும், சுவர் எண் மெதுவாகத்தான் இறங்கும், நடுவில் ஒருமுறை குட்டிகள் பொரித்து ஏறவும் செய்யும். சுவர் எண் தொடர்ந்து நான்கு வாரம் பூஜ்யமாக இருந்தால் தரையில் சேர்ந்து உட்காரலாம். அதுவரை நாய் கூடத்தில், மகளின் கட்டில் சுவரிலிருந்து அரை அடி தள்ளி, போர்வை தரையைத் தொடாமல்.